சிறு படமும் சிறு விழாக்களும்

1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள், அந்நாளில் பம்பாய் என வழங்கிய மும்பை மாநகரின் வாட்ஸன் ஹோட்டலில் நம் நாட்டின் முதல் சினிமாக் காட்சி நடைபெற்றது. பிரெஞ்சு நாட்டு லூமியேர் சகோதரர்களின் படங்கள் ஆறு அன்று காட்டப்பெற்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடமே ஓடியது. நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். ஆகவே, சினிமா நம் நாட்டில் முதன்முதல் அடியெடுத்து வைத்தபோது குறும்படமாகவே வந்தது என்று கூறுதல் பொருந்தும். மூன்று மணி நேரப் படமும், அதற்கென எழுந்த கொட்டகைகளும் பின்னர் வந்தவை.

அன்று கட்டணம் செலுத்தியவர் படம் பார்க்க வந்தவர். இன்றோ, குறும்படம் ஒன்றை எடுத்து முடித்தவர், அதனைப் பிறர் பார்க்க வேண்டுமென்று தாமே கட்டணம் செலுத்தித் திரைப்பட விழாக்களுக்கு அனுப்புகின்றார். அக்கட்டணத்தால் அவர் பெறுவது யாது? காண்போரையா, அன்றி வேறொன்றையா? இரண்டு ஆண்டுக் காலம் இக்கேள்வியோடு அலைந்தவர்கள் நாங்கள். எங்கள் அனுபவம் பெரிதன்று. எனினும், வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் இளைஞர் பலர் இன்று கைப்பேசியைக் கொண்டே படமெடுக்கத் துணிந்திருக்கும் காலத்தில், எங்களுக்கு நேர்ந்த இழப்பும் பேறும் அவர்களுக்குப் பயன்படலாம் என்று நம்புகின்றோம்.

நாங்கள் நால்வர். மும்பையில் பிழைப்பவர்கள். ஒருவர் வங்கி ஊழியர். ஒருவர் பள்ளி ஆசிரியை. ஒருவர் கணினித் தொழிலில் இருப்பவர். நான்காமவர் திருமணங்களுக்குப் படமெடுப்பவர். காமிரா அவருடையது. தாராவியில் 90 அடிச் சாலையை அடுத்த சந்து ஒன்றில் வாழும் இட்லி வணிகர் ஒருவரைப் பற்றி நாங்கள் படம் எடுத்தோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். நாங்கள் ‘அண்ணாச்சி’ என்று அழைப்போம். விடியற்காலை மூன்று மணிக்கு அவர் வீட்டில் அடுப்பு எரியத் தொடங்கும். ஆறு மணிக்குள் இட்லி நிறைந்த பாத்திரமும், சட்டினித் தூக்கும், சாம்பார்த் தூக்கும் சைக்கிளில் ஏறிவிடும். ரப்பர்க் குமிழ் பொருத்திய ஊதலை அழுத்திக்கொண்டு அவர் தெருத்தெருவாகச் செல்வார். அவ்வொலி கேட்டு மராட்டியரும் குஜராத்தியரும் கிண்ணத்தோடு வாசலுக்கு வருவர். மாவரைப்பவர் அண்ணாச்சியின் தாயார். எழுபத்தெட்டு வயது. அவர் எங்களுக்கும் ஆச்சிதான்.

2022-ஆம் ஆண்டு மழைக்காலம் கழிந்தபின் ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பிடிப்பை முடித்தோம். செலவு 92,000 ரூபாய். நால்வரும் பகிர்ந்துகொண்டது. எடுத்து முடித்த அன்று எங்களிடம் இருந்தது 24 நிமிடப் படம் ஒன்றும், அதனை எங்கே கொண்டு செல்வது என்ற கவலையும்.

குறும்படத்திற்கு நம் நாட்டில் கொட்டகை இல்லை. அதன் வீடு திரைப்பட விழாதான். இவ்விழாக்களின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் நலம். ஜெர்மனியின் ஓபர்ஹௌஸன் நகரில் 1954-ஆம் ஆண்டிலும், பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் 1979-ஆம் ஆண்டிலும் தொடங்கிய குறும்பட விழாக்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை. நம் நாட்டில் 1947-இல் சத்யஜித் ராயும் அவர்தம் நண்பர்களும் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினர். 1952-இல் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை, தில்லி, கல்கத்தா நகரங்களுக்கும் சென்றது. 1959-இல் ஃபிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பு ராயின் தலைமையில் உருவாயிற்று. குறும்படத்திற்கும் ஆவணப்படத்திற்கும் உரிய மும்பை அனைத்துலக விழா 1990-இல் தோன்றியது. மதுரையில் ‘மறுபக்கம்’ விழா 1998-இலும், திருவனந்தபுரத்தில் கேரள அரசின் சலச்சித்திர அகாதமி நடத்தும் விழா 2008-இலும் தொடங்கின.

இவை பெயர் பெற்ற விழாக்கள். இவற்றின் நிழலில், மாவட்டத் தலைநகரங்களிலும் சிற்றூர்களிலும் எண்ணற்ற சிறு விழாக்கள் நடைபெறுகின்றன. சில விழாக்களை ஆசிரியர் ஒருவரும் அவருடைய பழைய மாணவர்களும் நடத்துகின்றனர். சிலவற்றைத் தொழிற்சங்கம் நடத்துகின்றது. சிலவற்றை நூலகம் நடத்துகின்றது. முன்னாளில் இவ்விழாக்களுக்குப் படச்சுருளைத் தகரப் பெட்டியில் இட்டு இரயிலில் அனுப்பினர். பின்னர் நாடாவும் வட்டும் அஞ்சலில் சென்றன. 2000-ஆம் ஆண்டில் ‘வித்அவுட்டபாக்ஸ்’ என்னும் இணையச் சேவை தோன்றி, ஒரே விண்ணப்பத்தைப் பல விழாக்களுக்கு அனுப்பும் வழியைத் திறந்தது. அது 2019-இல் மூடப்பெற்றது. அதற்கு முன்னரே எழுந்த ‘ஃபிலிம்ஃப்ரீவே’ இன்று அவ்விடத்தில் இருக்கின்றது. உட்கார்ந்த இடத்திலிருந்தே உலகின் எம்மூலைக்கும் படத்தை அனுப்பலாம். வாயில் அகன்றது, நுழைவோர் கூட்டமும் பெருகிற்று, கட்டணமும் உடன் வந்தது.

தேர்வு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை நாங்கள் தொடக்கத்தில் அறிந்திருக்கவில்லை. நாம் அனுப்புவது படத்தின் இணைப்பும் அதனைத் திறக்கும் கடவுச்சொல்லும். அதனை முதலிற் காண்பவர்கள் விழாவின் நடுவர்கள் அல்லர், முற்பார்வைக் குழுவினர். பெரும்பாலும் ஊதியமின்றித் தொண்டாற்றும் ஆர்வலர்கள். பகல் முழுதும் வேறு தொழில் பார்த்துவிட்டு, இரவில் பத்துப் பதினைந்து படங்களைப் பார்க்கின்றவர்கள். எங்கள் படத்தின் முதல் மூன்று நிமிடம் தாராவியின் கூரைகளையும் இருட்டையும் காட்டிற்று. நாங்கள் அதனை அழகு என்று எண்ணினோம். இரவு பதினொரு மணிக்குப் பதின்மூன்றாவது படமாக அதனைக் காண்பவர் என்ன எண்ணுவார் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

நீளமும் ஒரு தடையாயிற்று. விழாவினர் குறும்படங்களைத் தனித்தனியே காட்டுவதில்லை; ஏழெட்டுப் படங்களைத் தொடுத்து ஒன்றரை மணி நேரக் காட்சியாக அமைக்கின்றனர். அத்தொடையில் 24 நிமிடப் படம் ஒன்று இரண்டு படங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு படங்களை விலக்கி வைக்குமளவு அது சிறந்ததா என்ற கேள்வி உடனே எழும். இதனை ஒரு விழாவின் அமைப்பாளர் எங்களுக்குப் பொறுமையோடு விளக்கினார். கூரைகள் போயின, எங்களுக்கு மிகவும் பிடித்த மழைக்காட்சியும் போயிற்று. அண்ணாச்சி தீக்குச்சி கிழிக்கும் ஒலியோடு படம் தொடங்கியது. 24 நிமிடம் 14 நிமிடமாயிற்று. வெட்டிய பத்து நிமிடத்திற்காக நாங்கள் பட்ட வருத்தம் சிறிதன்று; ஆயினும் படம் செம்மையுற்றது என்பதை மறைப்பதற்கில்லை.

மற்றொரு தடை, பாட்டு. அண்ணாச்சி வீட்டு வானொலியில் விடியற்காலையில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. காட்சிக்கு உயிர் கொடுத்தது அதுவே. ஆனால், விழா விண்ணப்பத்தில் படத்திலுள்ள இசைக்கெல்லாம் உரிமை பெற்றிருக்கின்றோம் என்று உறுதிமொழி அளிக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் நிலைக்கும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமையோ அவர்தம் மறைவிற்குப் பின்னும் 60 ஆண்டுகள் தொடரும். தற்செயலாகக் காற்றில் வந்த பாட்டாயினும் சட்டம் சட்டமே. பாட்டை நீக்கினோம். அவ்விடத்தில் இப்பொழுது கேட்பது கிரைண்டரின் இரைச்சல்.

பொதுமக்களுக்குத் திரையிடப்படும் படத்திற்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்பது 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம். விழாக்களில் காட்டப்படும் படங்களுக்கு மத்திய அரசு விலக்கு அளிப்பதுண்டு. அவ்விலக்கை விழாவினர் முறையாகப் பெற்றிருக்கின்றனரா என்று கேட்டறிவது, அவ்விழா உண்மையில் நடைபெறப் போகின்றதா என்பதை அறியவும் ஒரு வழி. இதனை நாங்கள் காலந்தாழ்த்தே கற்றோம்.

இனி, கணக்கிற்கு வருவோம். எங்களுள் வங்கி ஊழியர் ஒருவர் இருப்பதால் கணக்குப் பிழையின்றி இருக்கின்றது. நாங்கள் 31 விழாக்களுக்கு அனுப்பினோம். அவற்றுள் 12 கட்டணம் வாங்காதவை; 19 கட்டணம் பெறுபவை. கட்டணமாக நாங்கள் செலுத்தியது 34,200 ரூபாய். முதற்கெடுவிற்குள் அனுப்பினால் ஒரு தொகை, அடுத்த கெடுவிற்கு அதனினும் மிகுதி, இறுதிக் கெடுவிற்கு மேலும் மிகுதி என்று படிப்படியாக ஏறும். கடைசி நாள் இரவில் அனுப்பும் எங்கள் பழக்கத்திற்கு நாங்கள் கொடுத்த விலை அதிகம். அன்றியும், கட்டண விலக்கு வேண்டி எழுதினால் பல விழாக்கள் இரங்குகின்றன என்பதும் எங்களுக்குப் பின்னரே தெரிந்தது.

31 விழாக்களில் ஒன்பதிலிருந்து மறுமொழியே வரவில்லை. பதினாறு விழாக்கள் மறுத்தன. மறுப்புக் கடிதங்கள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை: இவ்வாண்டு என்றுமில்லாத அளவில் படங்கள் வந்தன, உங்கள் படத்தைத் தேர்ந்தெடுக்க இயலாமைக்கு வருந்துகின்றோம், அடுத்த ஆண்டும் அனுப்புக. முதல் மறுப்பு வந்த நாளில் எங்களுள் ஒருவர் உணவருந்தவில்லை. பத்தாவது மறுப்பு வந்த நாளில் அதனை யாரும் மற்றவரிடம் சொல்லவுமில்லை. மறுப்பு என்பது படத்தின்மீது எழுதப்பெற்ற தீர்ப்பன்று. ஒரு தொடையில் அப்பூவிற்கு இடமில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். இவ்வுண்மையை மனம் ஏற்பதற்கு ஓராண்டு ஆயிற்று.

எஞ்சிய ஆறு விழாக்கள் எங்களை ஏற்றன. இந்த ஆறினுள் இரண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும்.

ஒரு நாள் எங்கள் படத்திற்கு விருது கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. அனுப்பி நான்கு நாட்களே ஆகியிருந்தன. கடிதத்தோடு ‘லாரல்’ என்னும் இலைமாலைச் சின்னமும் வந்தது. விழாக்களில் தேர்வு பெற்ற படங்களின் விளம்பரத் தாள்களில் இரு புறமும் இலைகள் வளைந்து நிற்க, நடுவே விழாவின் பெயர் பொறித்த சின்னத்தை நீங்கள் கண்டிருக்கலாம். அதுவே லாரல். நாங்கள் அதனை எங்கள் படத்தின் தாளில் ஒட்டி, உற்றார் உறவினர்க்கெல்லாம் அனுப்பினோம். ஊரிலிருந்து வாழ்த்துகள் வந்தன. மறுவாரம் மற்றொரு கடிதம் வந்தது: கேடயமும் சான்றிதழும் வேண்டுமாயின் ஆறாயிரம் ரூபாய் செலுத்துக. செலுத்தினோம். வெட்கத்தோடு இதனைக் கூறுகின்றோம்.

கேடயம் வந்த பின்னரே எங்களுள் கணினி அறிந்தவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. படத்தின் இணைப்பை எத்தனை பேர் திறந்தனர் என்பதற்குக் கணக்கு உண்டு. அவ்விழாவிற்கென நாங்கள் அளித்திருந்த தனி இணைப்பின் கணக்கைப் பார்த்தார். பூஜ்யம். ஒருவரும் அதனைத் திறக்கவேயில்லை. எங்கள் படத்தைக் காணாமலே விருதளித்திருந்தனர். அவ்விழாவிற்குக் கொட்டகை இல்லை, திரை இல்லை, நாற்காலி இல்லை. திங்கள்தோறும் நூற்றுக்கணக்கான பிரிவுகளில் விருதுகள் மட்டும் உண்டு. இரண்டாவது விழாவும் அத்தகையதே. ஆயினும் அதற்குள் எங்களுக்கு அறிவு வந்துவிட்டது. அக்கேடயம் இன்றும் எங்கள் அலமாரியில் இருக்கின்றது. புதிய விழா ஒன்றிற்கு அனுப்புமுன் அதனை ஒருமுறை பார்த்துக்கொள்கின்றோம்.

கட்டணம் வாங்கும் விழாக்களெல்லாம் பொய்யானவை என்று நாங்கள் கூறவில்லை. கொட்டகை வாடகையும் கருவி வாடகையும் கொடுக்க வேண்டிய விழாவிற்குக் கட்டணம் இன்றியமையாததாதல் கூடும். விழாவினரிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று: எந்த ஊரில், எந்தக் கூடத்தில் திரையிடுவீர்கள்? சென்ற ஆண்டு எத்தனை படங்கள் காட்டினீர்கள்? படம் எடுத்தவரோடு காண்போர் உரையாட நேரம் உண்டா? இவற்றிற்கு நேரான விடை தருபவர்களை நம்பலாம்.

இனி, மெய்யான நான்கு விழாக்கள்.

முதலாவது, கேரளத்தின் சிற்றூர் ஒன்று. தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடியில் திரை கட்டியிருந்தனர். பிளாஸ்டிக் நாற்காலிகளில் 58 பேர் அமர்ந்திருந்தனர். படம் முடிந்ததும் லாட்டரிச் சீட்டு விற்கும் பெரியவர் ஒருவர் எழுந்து, மலையாளத்தில் கேட்டார்: “விற்காமல் மீந்த இட்லியை அவர் என்ன செய்வார்? குலுக்கல் நேரத்திற்குள் விற்காவிட்டால் என் கையிலுள்ள சீட்டு வெறும் காகிதம். அதனால் கேட்கின்றேன்.” எங்களிடம் விடை இல்லை. ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் அவரோடு இருந்தோம். அவர் எழும் நேரம் தெரியும், அவர் செல்லும் தெருக்கள் தெரியும். அவருடைய தொழிலின் அச்சம் எங்கே இருக்கின்றது என்பதை நாங்கள் கேட்டறியவில்லை. எந்தத் தேர்வுக் குழுவும் எழுப்பாத கேள்வியை ஒரு லாட்டரி வியாபாரி எழுப்பினார். வியாபாரத்தின் நோவு மற்றொரு வியாபாரிக்குத்தான் தெரியும்.

மும்பைக்குத் திரும்பியதும் அண்ணாச்சியிடம் கேட்டோம். அவர் சிரித்தார். பதினொரு மணிக்குமேல் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குச் சென்று அரை விலைக்குக் கொடுப்பாராம். அதற்கும் மீந்தால் வீட்டில் உதிர்த்து, கடுகு தாளித்து உப்புமா. “பத்து நாளைக்கு ஒரு நாள் மிஞ்சினா உப்புமா. தினம் மிஞ்சினா ஊருக்கு டிக்கெட்டு” என்றார். அக்காட்சியை எடுத்துப் படத்தில் சேர்த்தோம். ஒரு நிமிடம் பத்து விநாடி. இன்று எங்கள் படத்தில் யாவரும் நினைவில் வைத்துப் பேசும் காட்சி அதுவே. அதனை எங்களுக்குத் தந்தவர் அப்பெரியவர்.

இரண்டாவது, வங்காளத்தின் மாவட்டத் தலைநகர் ஒன்று. அங்குள்ள ஃபிலிம் சொசைட்டி எங்களைக் காட்டிலும் வயதில் மூத்தது. தங்குவதற்கு விடுதி இல்லை. உறுப்பினர் ஒருவரின் இல்லத்தில் தங்கினோம். குளிர்காலம். 120 பேர் சால்வை போர்த்து அமர்ந்திருந்தனர். எங்கள் படத்தில் ஆங்கிலத்தில் சப்டைட்டில் உண்டு. ஆங்கிலம் படிக்க இயலாத முதியவர்கள் முன்வரிசையில் இருந்தனர். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அவர்கள் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு வரியையும் வங்காளத்தில் மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணாச்சியின் திருநெல்வேலித் தமிழ் ஆங்கிலமாகி, வங்காளமாகி, ஒரு பாட்டியின் செவியை அடைந்தது. உப்புமாக் காட்சியில் அப்பாட்டியார் சிரித்தார். அச்சிரிப்பு சரியான இடத்தில் வந்தது. சப்டைட்டில் எழுதுவதற்கு நாங்கள் உறங்காதிருந்த இரவுகளுக்கு அன்றே பயன் கிடைத்தது.

மூன்றாவது, வெளிநாட்டிலுள்ள சிற்றூர் ஒன்று. பயணச் செலவு எங்களால் ஆகாதது, செல்லவில்லை. அவர்கள் கட்டணம் வாங்கவில்லை. காட்சி முடிந்த மறுநாள் கூடத்தின் புகைப்படமும் ஒரு கடிதமும் அனுப்பினர். 43 பேர் வந்தனர் என்றும், இட்லி எப்படிச் செய்வது என்று இருவர் கேட்டனர் என்றும் எழுதியிருந்தனர். அதற்கு ஆசிரியை நீண்ட மறுமொழி எழுதினார்.

நான்காவது, மகாராஷ்டிரத்திலேயே ஒரு நகரம். கட்டணம் 500 ரூபாய். அவ்விழாவிற்கு ஒரு விதி உண்டு: அம்மாநிலத்தில் முன்னர் எங்கும் திரையிடப்படாத படமாக இருத்தல் வேண்டும். இதனை ‘பிரீமியர்’ விதி என்பர். புதிய படத்தை முதலில் காட்டும் பெருமை தங்களுக்கு வேண்டும் என்று விழாக்கள் விரும்புவது இயல்பே. குற்றம் விதியில் இல்லை. அதனை நாங்கள் போற்றிய முறையில் இருந்தது. அவ்விழாவின் முடிவிற்காகவும் பின்னர் நாளுக்காகவும் காத்திருந்தோம். அதுவரை, படம் பிறந்த சந்திலே அதனைக் காட்டவில்லை. “படம் எப்போ?” என்று ஆச்சி கேட்கும்போதெல்லாம், “இன்னும் கொஞ்ச நாள், ஆச்சி” என்றோம். கொஞ்ச நாள் பதினான்கு மாதமாயிற்று.

அந்நகரத்துக் கூடத்தில் எங்கள் படம் காலை பத்து மணிக்குக் காட்டப்பெற்றது. வந்திருந்தவர் ஒன்பது பேர். அவர்களுள் ஐவர், அதே தொடையில் தம் படமும் இருந்தமையால் வந்தவர்கள். திரையின் அளவு பொருந்தாமல் அண்ணாச்சியின் முகம் வெள்ளரிக்காய்போல் நீண்டு தெரிந்தது. முன்னாள் மாலையே சென்று ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் இது நேர்ந்திராது. படத்தை ஒரே வடிவில் கொண்டு சென்றதும் எங்கள் பிழை. திரையரங்குக் கருவிக்குரிய டி.சி.பி. ஒன்று, சாதாரணக் கணினியில் ஓடும் கோப்பு ஒன்று, இரண்டையும் தனித்தனி ஹார்டு டிஸ்கில் எடுத்துச் செல்லல் வேண்டும் என்று அன்று கற்றோம்.

இவை சிறிய பிழைகள். திருத்திக்கொள்ளலாம். திருத்த இயலாதது ஒன்று உண்டு. அப்பதினான்கு மாதங்களுக்குள் ஆச்சிக்குக் கண் மங்கிற்று, முழங்காலும் தளர்ந்தது. மாடி ஏணி ஏற முடியவில்லை. அண்ணாச்சி அவரை ஊருக்கே கொண்டுபோய்த் தம்பி வீட்டில் விட்டுவந்தார். படத்தை ஆச்சி பின்னர்ப் பேரனின் கைப்பேசியில் பார்த்தார். பார்த்ததைக் காட்டிலும் கேட்டார் என்பதே பொருந்தும். பார்த்து முடித்ததும் எங்களைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார். “என் பேச்சைவிட கிரைண்டர் பேச்சுல்லா பெருசா கேக்கு” என்று முதலில் குறை கூறினார். சிறிது நேரம் பேசாதிருந்து, “தெருச் சனத்தோட ஒக்காந்து பாத்திருக்கலாம்லா” என்றார். எங்களிடம் அதற்கும் விடை இல்லை. ஒன்பது பேருக்கு முதற்காட்சி என்னும் பெருமையை அளிப்பதற்காக, அப்பெருமைக்கு உரியவரைக் காக்க வைத்துவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரவு அச்சந்தின் சுவரில் இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டினோம். சீட்டு விற்கவில்லை, படத்தில் உள்ளவர்களும் அவர்தம் அண்டை அயலாரும் கூடிய கூட்டம். எண்ணிப் பார்த்ததில் ஏறத்தாழ 300 பேர். சன்னல்களில் நின்றவர்களை எண்ணவில்லை. ஊதல் ஒலி திரையில் எழுந்தபோது குழந்தைகள் அனைவரும் சேர்ந்து ஊதினர். ஆச்சியின் முகம் தோன்றியபோது மட்டும் ஓசை அடங்கிற்று. தமது படத்தை அண்ணாச்சி பின்வரிசையில் நின்று பார்த்தார். முடிந்ததும், “மூணு மணிக்கு எந்திரிக்கணும்” என்று கூறி விளக்கைப் போடச் சொன்னார்.

நேயர்களே, எங்கள் கணக்கை முடித்துக் கூறுகின்றோம். நான்கு விழாக்களிலும் சேர்த்து எங்கள் படத்தைக் கண்டவர் 230 பேர். அந்நான்கில் மூன்று கட்டணம் வாங்காதவை; ஒன்று மட்டும் 500 ரூபாய் பெற்றது. ஆக, நாங்கள் செலுத்திய 34,200 ரூபாயில் 33,700 ரூபாய் எங்களுக்கு ஒரு நாற்காலியைக்கூடப் பெற்றுத் தரவில்லை. சந்தின் சுவரோ ஒரே இரவில் 300 பேரைக் கொடுத்தது.

அப்படியாயின் விழாக்கள் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். சந்தில் கூடிய முந்நூறு பேரும் அண்ணாச்சியை அறிந்தவர்கள். அவரை அறியாத ஒருவர் எழுந்து, மீந்த இட்லி என்னவாகும் என்று கேட்பதற்கு ஒரு விழா வேண்டும். அயல்மொழிப் பாட்டி ஒருவர் சரியான இடத்தில் சிரிப்பதற்கும் ஒரு விழா வேண்டும். படம் எடுத்தவர் தம் படத்தை முன்பின் அறியாதவரின் கண்ணால் காண்பதற்கு இதனினும் நல்ல வழியில்லை. ஆகவே, விழாவின் பெருமையை அதன் இலைமாலையால் அளக்க வேண்டா; முன்வரிசையில் அமர்ந்தவர் எழுப்பும் கேள்வியால் அளந்திடுக.

வெளிமாநிலத் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வாழும் ஊரில் தமிழ்ச் சங்கம் இருக்கலாம். கோயில் மண்டபம் இருக்கலாம். மொட்டை மாடியேனும் இருக்கும். யாரைப் படமெடுத்தீர்களோ அவர்களை முதலில் அங்கே அமர்த்திக் காட்டுங்கள். அதன்பின் விழாக்களுக்கு அனுப்புங்கள். அதனால் சில விழாக்களின் கதவு அடைபடலாம், அடைபடட்டும். நாங்கள் இப்பொழுது இரண்டாவது படத்தைத் தொடங்கியிருக்கின்றோம். அதன் முதற்காட்சி திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், வீட்டு முற்றத்தில், கண் மங்கிய ஒருவருக்கு நன்கு கேட்கும்படி ஒலியை உயர்த்தி நடைபெறும். தேதி குறித்துவிட்டோம்.